அறுபது மைலும் தேசப்பன் தோடியும்

கார் கொதித்துக்கொண்டிருந்தது. நாயனக்காரர் தேசப்பன் தோடி ராகத்தை இன்னும் ஆரம்பித்த இடத்திலேயே வைத்திருந்தார்.

திருவள்ளூர் வடக்கு மாட வீதித் திருப்பம். முன்னால் மேளம், இரண்டு பக்கமும் காஸ் லைட்டுகள், நடுவில் இரண்டே இருக்கை கொண்ட ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. அதில் கோட்டும் சூட்டும் பளிச்சென்ற திருமண்ணுமாக ஒரு மாப்பிள்ளை. அவரைச் சுற்றி, ஒட்ட முடிந்த இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு, பதினொரு குழந்தைகள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்து வழிந்துகொண்டு, காரின் சொந்தக்காரர் தேவராஜன்.

"தேசப்பா, தண்ணி கொதிக்கறதுய்யா. நடந்துண்டே வாசிக்கப்படாதா?"

தேசப்பன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். "இது தோடி சாமி. தோடியாண்ட போயி அவசரப்படுன்னு சொல்ல முடியுமா?" மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நிமிஷம் ரேடியேட்டர் மூடி 'டப்'பென்று பறந்தது. புஸ்ஸென்று கிளம்பிய ஆவியில் மாப்பிள்ளை மறைந்தே போனார். பெண் வீட்டார் இது ஏதோ மெட்ராஸ் ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

தேவராஜனுக்கு அழுகை வந்தது. இதற்காகவா அந்தக் காரை மூன்று வருஷம் செதுக்கினார்?

அவர் ஆவடிப் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ரயில் வேப்பம்பட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். பாவம், அலுப்பு, தூங்குகிறார் என்று எதிர் சீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். அவர் கார் ஓட்டிக்கொண்டிருப்பார். கனவு என்றைக்கும் ஒன்றுதான். புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை கல்கத்தா ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். மணிக்கு அறுபது மைல். பக்கத்து இருக்கையில் மனைவி ஹேமாம்புஜம். அவள் புடவைத் தலைப்பு காற்றில் பறக்கிறது, அவள் சிரிக்கிறாள். அதற்குள் ஆவடி வந்துவிடும். இறங்கிப் போய் போல்ட்டுகளை எண்ண வேண்டியதுதான்.

அத்திப்பட்டு உப்பளத்தில் மேனேஜராக இருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன கார் அது. பதினெட்டு வருஷம் உப்புக்காற்றில் நின்றதில் தரை போய்விட்டது. கதவில் கை வைத்தால் கதவு கையோடு வந்தது. தேவராஜன் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று தெருவே சிரித்தது. ஹேமாம்புஜம் சிரிக்கவில்லை. ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள்.

"எதுவானா என்ன, நம்மாத்துக்கு முதல் தடவையா வர்றதோன்னோ" என்றாள்.

கொல்லையில் கிணற்றுக்கும் துளசி மாடத்துக்கும் நடுவே வேலை நடந்தது. மெக்கானிக் மோசஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு வந்துவிடுவார். உளுத்துப்போன மரச்சட்டத்தைப் பழவேற்காட்டுப் படகு ஆசாரி ஒருவர் இழைத்துக் கொடுத்தார். சக்கரத்துக்குக் கம்பி சைக்கிள் கடையிலிருந்து வந்தது. ஹேமாம்புஜம் வீட்டுத் தலையணைகளைப் பிரித்து, இலவம்பஞ்சு அடைத்து, இருக்கைகளைத் தானே தைத்தாள். தன் பக்கத்து இருக்கைக்கு ஒரு பிடி பஞ்சு கூடவே வைத்தாள். அந்த ஒரு பிடியைப் பார்த்துவிட்டுத் தேவராஜன் அன்றிரவு தலையணை இல்லாமலே சந்தோஷமாகத் தூங்கினார்.

வெள்ளோட்டம் ஊத்துக்கோட்டை ரோட்டில். போனது காரில், வந்தது நடந்து. பின்னால் இரண்டு மாடுகள் காரை இழுத்து வந்தன. தேவராஜன் தலையெல்லாம் வைக்கோல்.

"அறுபதைத் தொட்டுடுத்து ஹேமா!"

"சாரு தொட்டது வைக்கப்போரும்மா" என்றார் மோசஸ். "நல்ல வேள, மெத்துனு இருந்துது. அந்தாண்ட பத்தடியில கெணறு."

ஹேமாம்புஜம் ஓடி வந்தாள். அவரை உட்கார்த்தி, தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை புதுவாயல். நீயும் பக்கத்துல உட்காரறே."

"உட்காரறேனே" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை காலையில் கோயில் ஆபீஸ் ராமஸ்வாமி வந்து நின்றார். மறுநாள் அவர் பிள்ளைக்கு மாப்பிள்ளை அழைப்பு. "உங்காத்துல திறந்த கார் இருக்காமே?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்றது."

தேவராஜன் மென்று விழுங்குவதற்குள் உள்ளேயிருந்து ஹேமாம்புஜத்தின் குரல் வந்தது. "நல்ல காரியத்துக்கு இல்லேன்னு சொல்லப்படாதுன்னா. மேளம் மட்டும் தேசப்பனோடதா இருக்கட்டும். மனுஷர் நிதானமானவர்."

அப்படித்தான் கார் மாட வீதிக்கு வந்தது, கொதித்தது.

"சார், இது ரேஸ் குதர" என்றார் மோசஸ், ஆறிப்போன ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்து. "இத்த மேளத்துக்குப் பின்னாடி நடக்கவுட்டா கொதிக்காம இன்னா பண்ணும்? வுடுங்க, லாரி ரேடியேட்டர் ஒண்ணு கீது. ஃபேனோட மாட்டிர்றேன்."

மாட்டினார். ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டார். அடுத்த ஊர்வலத்தில் அது முன்பக்கம் வீசிய காற்றில் அத்தனை காஸ் லைட்டும் அணைந்தன. இருட்டில் மேளம் ஒரு தெரு தவறித் திரும்ப, ஊர்வலம் வேறொரு கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபேனுக்கு முன்னால் தகரத் தடுப்பு வைத்தார்கள். தகரம் மாப்பிள்ளையை மறைத்தது.

"மாப்பிள்ளை தெரியவே இல்லையேன்னா" என்றாள் ஹேமாம்புஜம். "அடியில ரெண்டு மணை போட்டா தேவலை."

மணை போட்டதில் அடுத்த மாப்பிள்ளை இரண்டு முழம் உயர்ந்து, சந்நிதித் தெரு மாவிலைத் தோரணத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு இருக்கையையே பின்னால் தள்ளினார்கள். தள்ளிய இடத்தில் பலகை அடித்ததும் குழந்தைகள் பதினொன்றிலிருந்து பத்தொன்பது ஆயின. ஸ்பிரிங் படுத்துவிட்டது. மோசஸ் லாரி ஸ்பிரிங் வைத்தார். குழந்தைகள் இறங்கியதும் கார் துள்ளியது, மாப்பிள்ளையும் துள்ளினார்.

"மணல் மூட்டை ரெண்டு வச்சா அடங்காதோ?" என்றாள் ஹேமாம்புஜம்.

அடங்கியது. மூட்டை இரண்டு நாலாகி, நாலு ஆறானது. மேலே ஜரிகைக் குடை முளைத்தது. மோசஸ் தள்ளி நின்று பார்த்து, பெருமூச்சு விட்டார். "இன்னும் வடம் கட்டினா தேருதான் சார்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் தேவராஜன் அந்தத் தளவாடங்களையெல்லாம் கழற்ற ஸ்பானரை எடுப்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் புதுவாயல் போகலாம் என்றால் ஹேமாம்புஜத்துக்குத் தவறாமல் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கல்யாண வீடுகளிலிருந்து வந்த தேங்காய் கூடத்தில் மலையாகக் குவிந்தது. அரிசிதான் நிற்கவில்லை. சாப்பிடுவது இரண்டு பேர். ரேஷன் அரிசி இருபதாம் தேதியே காலி.

"பெருச்சாளின்னா" என்பாள் ஹேமாம்புஜம். தேவராஜன் மூன்று பொறி வைத்தார். மூன்றிலும் அவர் விரல்தான் அகப்பட்டது.

எல்லாவற்றையும் விட அவரை வாட்டியது தேசப்பன் தோடி. மூலைக்கு மூலை நின்று முக்கால் மணி. தேவராஜன் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணை மூடிக் கனவு காணப் பழகிவிட்டார். புளியமரங்கள் ஓடும், தலைப்பு பறக்கும். கண்ணைத் திறந்தால் அதே கம்பம், அதே நாய், அதே தோடி.

ஒரு தடவை பூந்தமல்லியில், கார் இல்லாத ஒரு கல்யாணத்தில், இதே தேசப்பன் இதே தோடியை மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தேவராஜன் கண்ணால் பார்த்தார். நம் கார் மேல் மனுஷருக்கு எத்தனை மரியாதை என்று நெகிழ்ந்து போனார்.

இப்படி இரண்டு வருஷம். தை மாதத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் மாப்பிள்ளைக்கு வேலை. ஹேமாம்புஜத்தின் ஒன்றுவிட்ட தங்கைதான் மாப்பிள்ளைக்கு அம்மா. தட்ட முடியாது.

"கும்மிடிப்பூண்டியா? அத்தனை தூரமா?" ஹேமாம்புஜம் முகம் வெளுத்தது. "அப்போ தேசப்பனையும் காரிலேயே ஏத்திண்டு போங்கோ. திரும்பறச்சேயும் கூடவே கூட்டிண்டு வாங்கோ. பாவம், வயசானவர்."

"நீயும் வாயேன்."

"இடுப்பு" என்றாள்.

போகும்போது ஆறு மணல் மூட்டையோடு போனார்கள். வழியில் ஒரு எருமை அவர்களை முந்திச் சென்றது.

மறுநாள் காலையில் முகூர்த்தம் முடிந்தது. மற்ற மேளக்காரர்கள் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். தேவராஜன் சத்திரத்து வாசலில் நின்று, யாரையும் கேட்காமல், ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்து மணலைக் கொட்டினார். மணை, பலகை, தகரம், குடை எல்லாவற்றையும் கழற்றிச் சத்திரத்துக்காரரிடம் கொடுத்தார். உள்ளேயிருந்து இரண்டு இருக்கைச் சிவப்புக் கார் இளைத்து வெளியே வந்தது.

"சாமி, மூட்ட இல்லாம எப்டி சாமி?" தேசப்பன் ஓர் அடி பின்வாங்கினார்.

"உட்காரு தேசப்பா."

"நான் பஸ்ல..."

"உட்காருய்யா!"

தேசப்பன் நாயனத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கல்கத்தா ரோடு வெறிச்சென்று கிடந்தது. கனவில் புதுவாயலிலிருந்து புறப்படுவது வழக்கம், இன்று எதிர்ப்பக்கத்திலிருந்து. பரவாயில்லை, ரோடு ஒன்றுதான்.

முப்பதில் புளியமரங்கள் நகர ஆரம்பித்தன. நாற்பதில் அவை ஓடின; இலை வழியாக விழுந்த வெயில் தேவராஜன் கைகளின் மேல் வெள்ளையும் கறுப்புமாகத் தாவித் தாவிப் போயிற்று. காற்றில் கழிமுகத்து உப்பு வாசனை லேசாக வந்தது. இந்தக் காருக்குத் தான் பழகிய உப்பள வாசனை தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் குரல் குழைந்தது. ஐம்பதில் காற்றே தேசப்பன் மடியிலிருந்த நாயனத்துக்குள் புகுந்து, யாரும் ஊதாமலே அது 'உய்ங்'கென்று பாடத் தொடங்கியது. அது நிச்சயமாகத் தோடி இல்லை.

"சாமி! சாமீ!"

தேவராஜன் காதில் விழவில்லை. அறுபது. சத்தம் எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி இருந்தது. ரோடு காருக்குக் கீழே தண்ணீராக ஓடியது. இடது பக்கம் ஏதோ வெள்ளையாகப் படபடத்தது. தேசப்பனின் அங்கவஸ்திரம்தான். தேவராஜனுக்கு அது புடவைத் தலைப்பு. பக்கத்தில் ஹேமாம்புஜம் இருக்கிறாள், சிரிக்கிறாள். அவளைப் பார்த்துச் சிரிப்பதற்காக அவர் திரும்பினார்.

அதே சமயம் புதுவாயலுக்கு முன்னால் ரோடும் திரும்பியது. வேறு பக்கம்.

கார் மட்டும் திரும்பாமல் நேரே ஒரு வைக்கோற்போருக்குள் புகுந்தது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை; முகத்தை மட்டும் உள்ளே புதைத்துக்கொண்டு நின்றது. தேவராஜன் தலையை வெளியே நீட்டினார்.

"அறுபது தேசப்பா! பார்த்தியோ? அறுபது!"

வைக்கோல் அசைந்தது. முதலில் நாயனம் வந்தது, பிறகு தேசப்பன் வந்தார்.

தேவராஜனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. பக்கத்து இருக்கையைத் தடவினார். "இது அவளுக்காக வச்ச சீட்டுய்யா. அவளே தைச்சது. ரெண்டு வருஷமா ஒரு நாள், ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருப்பாளோ? இந்தக் காரே அவளுக்குப் பிடிக்கலை. வாயைத் திறந்து சொல்லாம இருக்கா, அவ்வளவுதான்." கண் கலங்கிவிட்டது.

தேசப்பன் அவர் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"சாமி, இன்னிக்கு நடந்தத மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டு வருசமா மாசம் ரெண்டு படி அரிசி எனக்கு அளந்து குடுக்கறாங்க, 'எனக்கு இருக்கறது ஒரே ஒரு ஆத்துக்காரர், மெதுவா வாசி தேசப்பா'ன்னு."