நான்கு விரற்கடைக் கருணை

உலகத்தில் கருணையைக் கண்டுபிடித்தது யார் என்று சரித்திரக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஒரு கமிட்டி அமைத்து, செகரட்டரி நியமித்து, வருஷத்துக்கு ஒரு ஞாயிறு என்று ஒழுங்குபடுத்திய பெருமை சித்தூரில் உள்ள ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கே உரியது. பெயர் வேண்டாம். அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது.

அந்தச் சபையில் பதினோரு வருஷமாக ஆர்மோனியம் வாசித்து வந்தவர் இன்பசேகரன். வாரத்தில் ஆறு நாள் சர்க்கார் குமாஸ்தா. ஏழாம் நாள்தான் மனிதர். 1972-இல் அவருடைய முழங்கைகளில் சிவப்புத் திட்டுகள் கிளம்பின. மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். பிறகு அவை புறங்கைக்கு இறங்கி, ஞாயிறுதோறும் ஆர்மோனியக் கட்டைகளின் மேல் சபையார் முன்னிலையில் நடமாடத் தொடங்கின.

சபை சும்மா இருக்குமா? குப்பைமேனிச் சாறு என்றது கிழக்கு வரிசை. புங்க எண்ணெய் என்றது மேற்கு வரிசை. கத்திரிக்காயும் கருவாடும் ஆகாது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது. மருந்து சொன்ன அத்தனை பேரும் மூன்றடி தள்ளி நின்றே சொன்னார்கள். அதனால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மருந்து தெருவுக்கே பயன்பட்டது.

செகரட்டரி ஜெயச்சந்திரன் வீடு தேடியே வந்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

“ஆர்மோனியத்துக்கு ஒரு ‘ஓய்வு’ குடுக்கலாம்னு கமிட்டி நெனைக்குது தம்பி.”

“அதுக்கு இன்னா நோவுண்ணே? நல்லாத்தான பாடிக்கினு இருக்குது.”

“அதுக்கில்ல. உனக்கு.”

இனிப் பேசிப் பயனில்லை என்று மனைவி யூனிஸ் அவரைத் திருப்பதிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். அங்கே தோல் டாக்டர் வெங்கடலட்சுமி அவருடைய கையை வாங்கி, வெறும் விரலால் திட்டுகளைத் தடவிப் பார்த்தார். யூனிஸைத் தவிர வேறொருவர் அந்தக் கையைத் தொட்டு மாசக்கணக்காகியிருந்தது. இன்பசேகரனுக்குக் கூச்சமாக இருந்தது.

“இதி அண்ட்டு வியாதி காது,” என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். “ஒட்டுற வியாதி இல்ல. ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, கூட உக்காந்து சாப்ட்டாலும் ஒட்டாது. பேரு சொரியாசிஸ். மத்தவங்களுக்குப் புதுத்தோல் மேல வர ஒரு மாசம் ஆவும். உங்களுக்கு நாலஞ்சு நாள்ல வந்துடுது. பழசு உதிர்றதுக்கு டைம் இல்ல, மேலயே குவிஞ்சு போவுது.”

ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் உடம்பில் ஏதோ ஓர் இலாகா கெடுவுக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறது என்று கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

“முழுசா போய்டுமாம்மா?” என்றாள் யூனிஸ்.

“அடங்கும். மறுபடி வரும். மறுபடி அடக்கலாம். ஒரேயடியாப் போக்கறேன்னு சொல்றவங்ககிட்ட போவாதீங்க.” தார் கலந்த களிம்பு, காலை வெயில், தேங்காய் எண்ணெய் என்று எழுதினார். “சொரியக் கூடாது. கவலையும் படக்கூடாது. கவலைப்பட்டா ஜாஸ்தி ஆவும்.” ஒட்டாத நோய், கவலை மட்டும் கூடாது என்று சபைக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

கடிதத்தைக் கமிட்டி நுனியில் பிடித்து வாசித்தது. கவலை கூடாது என்ற வரி மட்டும் அவர்களை உருக்கிவிட்டது. இன்பசேகரனுக்குக் கவலையே இருக்கக் கூடாது என்று பாடகர் குழுவிலிருந்து விடுவித்தார்கள். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விடுவித்தார்கள். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுவதிலிருந்தும் விடுவித்தார்கள். நிம்மதி கூடக் கூடத் திட்டுகளும் கூடின.

அவர் சாப்பாட்டு மேசை விளிம்பில் பாட்டு வாசிக்க ஆரம்பித்தார். விரல்கள் சரியாகத்தான் ஓடின, மேசைதான் பாடவில்லை. யூனிஸ் அதைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஜனவரியில் ஜெயச்சந்திரன் ஒரு யோசனையோடு வந்தார். வருஷாவருஷம் தொழுநோயாளர் ஞாயிறன்று சபையில் நாடகம் உண்டு. குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டுக் குணமாக்கும் காட்சி. ஆண்டவர் வேஷம் ஜெயச்சந்திரனுக்கு, தாடி சொந்தம்.

“டாக்டர் லெட்டர் எனக்குப் புரியுது தம்பி. ஜனங்களுக்குப் புரியணுமே? இந்த வருஷம் நீ குஷ்டரோகி வேஷம் கட்டு. சபை முன்னால நான் உன்னத் தொடறேன். அல்லாருக்கும் பயம் தெளிஞ்சிடும். அடுத்த ஞாயிறே ஆர்மோனியம் உன்னுது.”

“இல்லாத நோவுக்கு வேஷம் கட்டணுமா?” என்றாள் யூனிஸ்.

“தொடறேன்றாரே யூனிஸ்,” என்றார் இன்பசேகரன்.

ஆறு ஒத்திகை நடந்தது. ஆறிலும் தொடும் கட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அன்றைக்கே தொட்டால்தான் உணர்ச்சி வரும் என்பது செகரட்டரியின் கலைக் கொள்கை.

நாடகத்துக்குத் தொழுநோயாளர் இல்லத்திலிருந்து, குணமானவர்கள் எட்டுப் பேர் ‘கௌரவ விருந்தினர்’களாக வந்திருந்தார்கள். முதல் வரிசை அவர்களுக்கு. இரண்டாம் வரிசை காலி, காற்றோட்டம் வேண்டுமல்லவா? மூன்றாம் வரிசையிலிருந்து சபை தொடங்கியது.

கோணிச் சட்டையில் இன்பசேகரன் முழந்தாளிட்டார். வெள்ளை அங்கியில் ஜெயச்சந்திரன் வந்தார். கையை உயர்த்தினார். கை இறங்கியது. தோளுக்கு நான்கு விரற்கடை மேலே நின்றுவிட்டது.

“குணமாகு,” என்றார் ஜெயச்சந்திரன். சபையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இன்பசேகரன் எழவில்லை. “அண்ணே, இன்னும் தொடல,” என்றார் மெதுவாக.

“தூரத்துல இருந்தே சொஸ்தமாக்கின சம்பவமும் இருக்குது. எய்ந்திரு.”

“நாம பேசினது அது இல்லியே.”

கை இறங்கவில்லை. இன்பசேகரன் நிமிர்ந்து பார்த்தார். செகரட்டரியின் முகத்தில் பயம், நிஜமான பயம். ஒரு வினாடி அவருக்கு அந்த மனிதர்மேல் பரிதாபம்கூட வந்தது. ஆனாலும் எழவில்லை. எழுந்தால் ஆர்மோனியம் போயிற்று.

அப்போது முதல் வரிசையிலிருந்து செங்கம்மா என்ற அம்மாள் எழுந்து மேடைக்கு வந்தாள். விரல்கள் பாதிதான் இருந்தன. அந்தக் கைகள் இரண்டாலும் இன்பசேகரனின் கையைப் பிடித்தாள்.

“எய்ந்திரு நைனா. எம்மா நேரம் முட்டி போட்டுக்கினு இருப்ப?”

இன்பசேகரன் தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பு அபாரம் என்று சபையார் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. நாடகம் மாபெரும் வெற்றி என்று பதிவு செய்தது. ‘விருந்தினர் எவரும் தமக்கு ஒதுக்கப்படாத வேடத்தை ஏற்று நடிக்கலாகாது’ என்று இல்லத்துக்குக் கடிதம் எழுதவும் ஒருமனதாகத் தீர்மானித்தது. இன்பசேகரன் கதவோரம் தனியாகப் போடப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

“அப்போ ஆர்மோனியம்?”

ஜெயச்சந்திரன் வருத்தத்தோடு பேனாவை மூடினார். “ஆண்டவர் தொட்டாத்தான்னு பேச்சு தம்பி.”

“அவரு தொட்டாரேண்ணே,” என்றார் இன்பசேகரன். “அங்கி மட்டுந்தான் உங்ககிட்ட இருந்துச்சி.”