சாம்பார் வண்டியில் வந்த ஜப்பான்காரர்

அமெரிக்காவில் தமிழ்ச் சங்க விழா நடக்கும் இடத்தில் மேடை நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தால், அந்தப் பக்கம் கோட்டு போட்ட ஆளை அழைத்துப் போகாதீர்கள். பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன். இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஹூஸ்டனில் ப்ரோக்ராம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஜப்பானிய அனிமே என்றால் எனக்கு உயிர். (“பொண்ணு பாக்க வேண்டிய பொம்மைப் படத்த அப்பன் பாக்கறாரு” என்பாள் மனைவி மல்லிகா. பொண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள் என்பதைச் சொல்ல மாட்டாள்.) அந்த ஜனவரியில் ஊரில் அனிமே ரசிகர்கள் மாநாடு நடத்தினார்கள். இசோகாவா என்ற திரைக்கதை எழுத்தாளர் டோக்கியோவிலிருந்து வருகிறார், விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வண்டி வேண்டும் என்றார்கள். என்னிடம் மினிவேன் இருந்தது. முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன்.

வழியெல்லாம் இசோகாவா தன் பிழைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மெதுவான, சுத்தமான ஆங்கிலம். ரோபோ தொடர்களுக்கு எழுதித்தான் ஆரம்பித்தாராம். கதையை முடிவு செய்வது பொம்மைக் கம்பெனி. வாராவாரம் ரோபோக்கள் ஒன்றாகச் சேர்ந்து சண்டை போட வேண்டும், கடையில் பொம்மை விற்க வேண்டும். ஏன் சேர்கின்றன என்று காரணம் கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளனின் வேலை. அவர் பெயர் திரையில் ஓடும்போது குழந்தைகள் பல் தேய்க்கப் போயிருக்கும்.

“இத்தனை வருஷம் அடுத்தவர் வாயில் பேசினேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாக மேடையில் என் வாயால் பேசப்போகிறேன்” என்றார். கோட்டுப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். மூன்று மணிக்குப் பேச்சு. அதற்குள் அவரை மாநாடு நடக்கும் ஓட்டலில் சேர்க்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஆனால் வண்டியின் பின்பக்கத்தில் சாம்பார் இருந்தது.

அன்றைக்குத்தான் சங்கத்தின் பொங்கல் விழா. ஒரு பள்ளிக்கூட கேஃப்டீரியாவில். இட்லியெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்டா நிறைய சாம்பாரை என் வண்டியில் ஏற்றி, மூடியைத் துண்டால் கட்டி, “போற வழிதானே, எறக்கி வச்சிட்டுப் போங்க” என்று அனுப்பியிருந்தாள் மல்லிகா. நிமிஷத்துக்கு ஒருமுறை செல்போனில் கூப்பிட்டாள்.

“எங்க இருக்கீங்க? இங்க எல்லாரும் வெறும் இட்லியப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க!”

“அஞ்சே நிமிஷம்!”

அதற்கு என்ன அர்த்தம் என்று இசோகாவா கேட்டார். சொன்னேன். தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அண்டாவை நானும் மல்லிகாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினால், வேன் காலி. மனிதரைக் காணோம். மேடையில் பார்க்கிறேன், நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் சந்தனம்!

சங்கத் தலைவர் பழனியப்பன் அங்கிளிடம் ஓடினேன். கோயமுத்தூர்க்காரர். சிறப்பு விருந்தினராக வரவேண்டிய தமிழ்ப் பேராசிரியர் டாலஸில் மாட்டிக்கொண்டாராம். பனி உறைந்து ஃப்ரீவேயை மூடிவிட்டார்கள்.

“அங்கிள், இவரு மூணு மணிக்கு ஓட்டல்ல பேசணும்! விடுங்க!”

“மேடை காலியா கெடந்தா நல்லாவாங்க தம்பி இருக்கும்? சும்மா உக்காந்தாப் போதும். அஞ்சே நிமிஷம்.”

“அவரு அனிமே எழுதறவரு அங்கிள்!”

“பொம்மைப் படம்னு நான் மைக்குல சொல்ல மாட்டேனுங்க. எழுத்தாளர்னு சொல்லிக்கறேன். பொய்யில்லீங்களே?”

விளக்கேற்றினார்கள். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை உரை. பிறகு பொன்னாடை. தலைவர் போர்த்தினார், செயலாளர் போர்த்தினார், பொருளாளர் போர்த்தினார், போன தலைவர், அதற்கு முந்தின தலைவர், வரப்போகும் தலைவர் எல்லாரும் போர்த்தினார்கள். இசோகாவா ஒவ்வொருவருக்கும் இடுப்பு வளையக் குனிந்தார். நம் ஆள் பதிலுக்குக் குனிந்து கும்பிட்டார். மரியாதைக்கு இவர் மறுபடி குனிந்தார். விட்டுக்கொடுப்பாரா நம் ஆள்? ஒரு பொன்னாடைக்கு ஆகும் நேரத்தில் நான் ஓட்டலுக்கே போயிருப்பேன். முன்வரிசையிலிருந்த என் மகள் ரம்யா கடிகாரத்தைக் காட்டிக் கத்தினாள்: “அப்பா, டூ சம்திங்!”

என்ன செய்வது? சாம்பார் வாளியோடு நின்றேன். மல்லிகா என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜப்பானிய மொழியும் தமிழும் அக்கா தங்கச்சி என்று தலைவர் ஒரு பாட்டம் பேசினார். பிறகு, “அய்யா நம்ம தமிழ்ல ஒரு வார்த்தை பேசுவாருங்க” என்று மைக்கை நீட்டினார்.

பொன்னாடைக் குவியலுக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரிந்தது. இசோகாவா மைக்கை வாங்கினார். யோசித்தார்.

“அஞ்சே நிமிஷம்” என்றார்.

கூரை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அதற்குள் தலைவர் மைக்கைத் திரும்பப் பிடுங்கி நன்றியுரை சொல்லப் போய்விட்டார்.

ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பேச வேண்டிய அரங்கில் மாறுவேடப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பேச்சு ரத்து. மாநாட்டுக்காரர்கள் என் கழுத்திலிருந்த தொண்டர் அட்டையை எல்லார் முன்னாலும் கழற்றி வாங்கினார்கள். (கட்டாயப்படுத்தி உட்கார வைத்தவருக்கு ஒன்றுமில்லை. நான் அயோக்கியன்!) பொன்னாடைகளை அணைத்துக்கொண்டு நின்ற இசோகாவா என்னைப் பார்த்துக் குனிந்தார். எனக்குப் பதிலுக்குக் குனியப் பயம். “நல்ல சரக்கு கிடைத்தது” என்றார். அவர் பொன்னாடையைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுவருஷம் அவர் எழுதிய புதுத் தொடரின் வீடியோ கேசட் வந்தது. கதாநாயகன் ஒரு கிரகத்துக்குப் போகிறான். அவன் ஒரு வார்த்தை பேசினால் போர் நின்றுவிடும். அந்த ஊர்ப் பெரியவர்கள் அவன் மேல் துணி போர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். போர் வந்து கிரகமே போய்விடுகிறது. பெரியவர்களின் தலைவனுக்கு அச்சு அசலாகப் பழனியப்பன் மீசை. கதாநாயகனைக் கொண்டுவந்து விட்ட ரோபோ, வயிற்றில் கொதிக்கும் குழம்போடு, “ஐந்தே நிமிஷம், ஐந்தே நிமிஷம்” என்று கடைசி வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு என் தொப்பையையும் வைத்திருந்தார்.

பழனியப்பன் அங்கிள் பார்த்துக் கோபப்படட்டும் என்று கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் அடுத்த பொங்கல் விழாவில் அதைத் திரை கட்டிப் போட்டார். “நம்ம சங்கம் ஜப்பான் டிவில வருதுங்க!”

வீட்டில் இன்றும் நான் எதற்காவது “அஞ்சு நிமிஷம்” என்றால் ரம்யா, “ஓகே, சாம்பார் ரோபோ” என்கிறாள். இப்போது அவள் குழந்தையும் சொல்கிறது. இசோகாவா ஆண்டுதோறும் புத்தாண்டு அட்டை அனுப்புகிறார். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. உறையின் மேல் ‘திரு. சாம்பார்’ என்று எழுதுகிறார்.

தபால்காரர் யாரிடமும் கேட்பதில்லை. நேராக என் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்.