பரசுராமன் பந்து பிடித்த பராக்கிரமம்

கிழக்கே ஆர்ப்பரிக்கும் ஆழியும், மேற்கே அசைய மறுக்கும் கால்வாயும், வடக்கே எண்ணூர் உப்பளமும், தெற்கே யானைக்கவுனியும் எல்லைகளாக அமைந்த இப்பெருநிலத்தில் வாழும் குமாஸ்தாக்களே, கூலிகளே, மண்டிக்காரர்களே, மற்றுமுள்ள சகல ஜனங்களே, கைவேலையைச் சற்றே நிறுத்திச் செவிசாய்ப்பீர்களாக. ஆங்கீரச வருஷம் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், இராயபுரத்து ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் மைதானத்தில், யுகங்கள் தோறும் பேசப்படவேண்டிய பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. யுகங்கள் அதைப்பற்றிப் பேசுவதாகத் தெரியவில்லை. ஆகவே நாம் பேசவேண்டியதாயிற்று.

பரசுராமன் வாழ்க. தேக்குமரம் பொறாமைகொள்ளும் தோளினன், முறம் நாணும் உள்ளங்கையன், பூசணி ஏந்திய புயத்தன், பொழுது சாய்ந்தால் கோல் கம்பங்களுக்கு நடுவே காவல் நிற்கும் காவலன் வாழ்க. வடக்கேயிருந்து கால்வாய் வழியே படகேறி வரும் பூசணிக்காய்களைக் கரைசேர்க்கும் கூட்டத்தின் நடுநாயகம் அவன். படகிலிருந்து வண்டிவரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். வலப்பக்கத்தான் எறிவதை வாங்கி இடப்பக்கத்தானிடம் எறியவேண்டும். அத்தொழிலின் சாத்திரம் முழுவதும் இவ்வளவே. வாங்கிய காயைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது யோசிக்கத் தொடங்கினால், அடுத்த காய் மார்பில் வந்து மோதி யோசனையைத் தீர்த்துவைக்கும். ஆதலால் அந்த வரிசையில் யோசிக்கிற வழக்கம் கிடையாது. பரசுராமன் வாங்குவான், திரும்புவான், இடப்பக்கம் நிற்கும் ரஷீதிடம் கொடுப்பான். பிறந்ததிலிருந்து ஒரு காயையும் அவன் தரையில் விட்டதில்லை என்பது துறைமுகம்வரை பரவிய கீர்த்தி. அந்தக் கீர்த்தியே அவனைக் கால்பந்துக் கோலியாக்கியது.

போர் எதற்காக என்று கேட்பீர்கள். மண்ணுக்காக அன்று, பெண்ணுக்காகவும் அன்று, ஆனால் ஒரு பெண்ணின் பொருட்டு. பரசுராமனின் தர்மபத்தினி குப்பம்மா பாலத்தடி முக்கில் மீன் வறுத்து விற்பவள். எதிர்ச்சாரியில் அதே மீனை அதே எண்ணெயில் வறுத்து விற்பவள் பூவம்மா. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒன்றுதான்: பூவம்மாவிடம் பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்தது. அந்தி மயங்கியதும் அது உஸ்ஸென்று சீறி வெண்ணொளி பரப்ப, அவ்வட்டாரத்து விட்டில்களும் வாடிக்கைக்காரர்களும் ஒருங்கே திரண்டு அத்திசை ஏகுவர். குப்பம்மாவோ சிம்னி விளக்கின் செம்புகையில், தன் மீன் எது தன் விரல் எது என்று தடவிப்பார்த்து வறுத்துக்கொண்டிருப்பாள்.

இந்நிலையில்தான், இராயபுரம் வாலிபர் கால்பந்துச் சங்கத்தார் ப்ரீ கிக் அடிப்போருக்கும் அதைத் தடுப்போருக்கும் திறமைப் போட்டி ஒன்றை அறிவித்தனர். பரிசு, புத்தம்புதிய பெட்ரோமாக்ஸ். செய்தி காதில் விழுந்த அன்றே குப்பம்மா வண்ணாரப்பேட்டைக்கு நடந்துபோய், விளக்கினுள்ளே கட்டி எரிக்கும் மேண்டில் ஒன்றை விலைக்கு வாங்கி, பஞ்சில் பொதிந்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷன்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அத்தகையது. போட்டியன்று அவனை வழியனுப்புகையில் அந்நம்பிக்கையை அவள் வாய்விட்டும் உரைத்தாள்.

"வெளக்கோட வந்தா வூட்டாண்ட வா. இல்லாங்காட்டி அந்தக் கம்பத்துக்கு நடுவுலயே நின்னுக்கினு இரு, சோறு அங்கியே வரும்னு நெனச்சுக்காத."

இனி எதிரியைப் பாடுவோம். வண்ணாரப்பேட்டைக் கருப்பட்டி மண்டியின் மூத்த குமாரர், தென்பாண்டிச் சீமை ஈன்ற தீரர், வெறுங்காலர் நிறைந்த மைதானத்தில் பூட்ஸ் அணிந்த ஒரே புருஷர், ராமசுப்பு. அவருடைய மண்டியில் ஏற்கெனவே இரண்டு பெட்ரோமாக்ஸ்கள் எரிந்துகொண்டிருந்தன. மூன்றாவது எதற்கு என்று கேட்பவர்கள் வீரத்தின் இலக்கணம் அறியாதவர்கள். அவர் பந்தை உதைத்தால் அது நேரே போகாது. மண்டிக்குக் கடன் வைத்தவன் மண்டி வாசலைக் கடப்பதுபோல், ஒதுங்கி, வளைந்து, எதிர்பாராத சந்தில் நுழையும். காலைச் சுற்றுகளில் அவருக்கு எதிரே அரணாக நிறுத்தப்பட்ட மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக வயிற்றுவலி கண்டு வீடு திரும்பியதால், பிற்பகலில் தார்ப் பீப்பாய்களை அடுக்கி அரண் அமைத்தனர். பீப்பாய்களுக்கு வயிற்றுவலி வரவில்லை.

ஏனைய அடிப்போரும் தடுப்போரும் வீழ்ந்தபின் எஞ்சியவர்கள் இவ்விருவரே. ஐந்து அடி, மூன்று கோல் விழுந்தால் விளக்கு ராமசுப்புவுக்கு, மூன்றைத் தடுத்தால் பரசுராமனுக்கு. நடுவர் பீடத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு பெரைரா வீற்றிருந்தார். அவர் கையில் இரு கொடிகள். கோல் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சங்கத் தலைவர் பக்தவச்சலனார் எழுந்து, விளையாட்டால் விளையும் நன்மைகளை விரிவாக எடுத்துரைத்து, அவற்றுள் பொறுமையும் ஒன்று என்று முடிப்பதற்குள் வெயில் ஒரு பனைமரம் இறங்கிவிட்டது.

ராமசுப்பு பந்தை வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து பரசுராமனை நோக்கி, "கோலியாரே, கொஞ்சம் ஒதுங்கியே நில்லும் வே. பூட்ஸ் பந்து, நெஞ்சுல பட்டா மூச்சு திருநெவேலி போயித்தான் திரும்பும்" என்று அருள்கூர்ந்து எச்சரித்தார்.

முதல் அடி. பீப்பாய்களின் தலைக்குமேல் எழுந்து மூலையில் இறங்கியது பந்து. பச்சைக் கொடி. இரண்டாவதைப் பரசுராமன் பாய்ந்து முஷ்டியால் குத்த, அது மணலைக் கடந்து கடலில் விழுந்தது. சிவப்பு. அலையோடு மல்லாடி அதை மீட்டுவந்தபோது, தோல் பந்து குடித்த உப்புநீரால் ஒரு நடுத்தரப் பூசணியின் எடைக்கு வந்திருந்தது. இதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது அடி பீப்பாய் ஒன்றில் மோத, பீப்பாய் ஒருபுறமும் பந்து மறுபுறமும் உருண்டன. நம் வீரன் இரண்டில் பெரியதைத் தடுத்தான். பச்சை. நான்காவதை முழங்காலால் முட்டித் தள்ளினான். சிவப்பு.

இரண்டுக்கு இரண்டு. கூட்டத்தில் வந்து நின்ற குப்பம்மாவின் கை முந்தானை முடிச்சைத் தேடியது. பரசுராமனின் பூசணித் தோழர்கள் கோலுக்குப் பின்னே உற்சாகமூட்ட வந்து நின்றார்கள். இடக்கம்பத்தின் பின்னால் ரஷீது, அவனுக்கு அப்பால் லோகநாதன், இன்னும் பிறர், கடைசியில் சாலையோரத்துக் கைவண்டியருகே ராசையா. ஏன் அப்படி வரிசையாக நின்றார்கள் என்றால், வேறு விதமாக நின்று அவர்களுக்குப் பழக்கமில்லை.

"இன்னா மாமு, ரோசன பண்ணிக்கினு கீறே?" என்றான் ரஷீது. "கைக்கு வந்தா வுடாத. அவ்ளோதான்."

ராமசுப்பு இம்முறை பந்தைப் பரசுராமனுக்கு வலப்பக்கத்தில், வேலைநேரத்தில் படகு நிற்குமே அந்தத் திசையில், வைத்தார். பின்னோக்கி நடந்தார், குலதெய்வத்தை நினைத்தார், ஓடிவந்தார். ஊழிக்காலத்து இடியொன்று கொல்லன் உலையில் புகுந்து இரும்புருண்டையாய் வெளிப்பட்டாற்போலவும், துறைமுகத்துப் பளுதூக்கியிலிருந்து அறுந்து விழுந்த மூட்டை திசைமாறி ஊருக்குள் பறந்தாற்போலவும், பீப்பாய் அரணைச் சுற்றி வளைந்து, ஈரத்துளிகள் வால்நட்சத்திரமாய்ச் சிதற, பார்த்தோர் கண்கள் பின்தொடர முடியாமல் பாதிவழியில் இளைப்பாற, வந்தது அந்தப் பந்து. வந்து, பரசுராமனின் மார்புயரத்தில், இரு கைகளுக்கும் நடுவே, பச்சைக்குழந்தை தொட்டிலில் அடங்குவதுபோல அடங்கியது.

பிடித்துவிட்டான். கைக்குள் முழுதாய்ப் பிடிபட்டது அன்று இதுவே முதல். காற்று நின்றது. பெரைராவின் கை சிவப்புக் கொடியை நாடிப் பாதி உயர்ந்தது. ராமசுப்பு மணலில் முழந்தாளிட்டுத் தலைகவிழ்ந்தார். முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.

பரசுராமன் வாங்கினான், திரும்பினான், இடப்பக்கம் நின்ற ரஷீதிடம் கொடுத்தான்.

பந்து கோல் கோட்டைக் கடந்து, இடக்கம்பத்தின் உட்புறமாகத் தவழ்ந்து சென்றது. ரஷீது அதை வாங்கி லோகநாதனிடம் எறிந்தான். லோகநாதன் அடுத்தவனிடம், அடுத்தவன் அதற்கடுத்தவனிடம், ஒருவனும் யோசிக்கவில்லை, ஒருவனும் தவறவிடவில்லை. ராசையா அதைப் பெற்று, காம்பு இருக்கவேண்டிய இடத்தில் தோல்வார் முடிச்சு இருப்பது கண்டு சற்றே தயங்கி, பிறகு முடிச்சு மேலே பார்க்கும்படி கைவண்டி வைக்கோலில் பதமாக வைத்துவிட்டு, அடுத்த காய்க்காகக் கையை நீட்டினான்.

அடுத்த காய் வரவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கத் தொடங்கியது. கடைசியாக விளங்கியது பரசுராமனுக்கு.

பெரைரா நெடுநேரம் சிந்தித்தார். வாழ்நாளெல்லாம் எத்தனையோ வண்டிகள் தவறான பாதையில் போகக் கண்டவர்தாம். ஆயினும் இவ்வளவு ஒழுங்காகப் போன ஒன்றைக் கண்டதில்லை. பந்து கோட்டைக் கடந்ததா என்று பக்தவச்சலனார் வினவ, கடந்தது மட்டுமன்று, சாலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பகர்ந்து, பச்சைக் கொடியை அசைத்தார். ராமசுப்பு தலை நிமிர்ந்தபோது அவர் வென்றிருந்தார். எப்படி வென்றோம் என்பதை அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்தபின், வெற்றுக் கம்பங்களுக்கு நடுவே வீற்றிருந்தான் வீரன். அவன்முன் வந்து நின்றாள் குப்பம்மா. வானம் சிவந்தது, கடல் குமுறியது, திசைகள் நான்கும் அவள் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தன.

"புட்ச்சேன் குப்பு," என்றான் அவன். "நீயே சொல்லு. புட்ச்சேனா இல்லியா?"

"புட்ச்சே," என்றாள் அவள். "அப்பால ஏன்யா குட்த்தே?"

இவ்வினாவுக்கு விடை தேடி விண்ணையும் மண்ணையும் துழாவிய அவன் பார்வை, முடிவில் தன் இரு கைகளின்மேல் வந்து நிலைத்தது. மீன் வறுக்க நேரமாயிற்று என்று அவள் எழுப்ப, அவன் எழுந்தான். பாலத்தடி முக்கில், எதிர்ச்சாரி வெண்ணொளியின் மிச்சத்தில், சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றினான்.

மறுநாள் காலை வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் மேண்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்.