அக்கா கண்ணில் படாத வண்டி

இந்த முறை யார் கண்ணிலும் படாமல் ஒரு வண்டி வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். யார் கண்ணிலும் என்றால், என் அக்கா ஃபேகிதாவின் கண்ணில்.

எங்கள் வவாவு தீவில் ஓர் ஆண்பிள்ளை எதை வேண்டுமானாலும் வாங்கலாம். துடைக்கலாம். பூட்டி வைக்கலாம். கூடப் பிறந்தவள் வந்து, "நல்லா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. "எடுத்துக்கோ அக்கா" என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அழுகையை அவள் தெருமுனை தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். டோங்கா நாடு முழுக்க இதுதான் முறை. மாட்டேன் என்று சொல்லும் தம்பி இன்னும் பிறக்கவில்லை.

என் படகு மோட்டார் அப்படித்தான் போனது. ஃபிரிட்ஜ் அப்படித்தான் போனது, உள்ளே இருந்த மீனோடு. போன வருஷம் வாங்கிய பழைய பிக்கப் என் வாசலில் ஒரு மழைகூட நனையவில்லை; அக்காவின் மாப்பிள்ளை இப்போது நெய்யாஃபு டவுனில் அதை ஓட்டுகிறான். அக்கா கெட்டவள் இல்லை. சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுப் பாடுகிறவள். ரசனை மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஆனால் இந்த வருஷம் வண்டி இல்லாமல் முடியாது. என் வனிலாத் தோட்டம் குன்றின் மேல் இருக்கிறது. பாதை முழுக்கச் சேறு. பச்சை வனிலா மூட்டையைத் தோளில் சுமந்து இறங்கி இறங்கி, என் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துவிட்டது. சுவரில் மாட்டிய என் போட்டோவைப் பார்த்தவர்கள் அதன் சட்டத்தைத்தான் நேராக்கப் பார்க்கிறார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி ஒன்று வேண்டும். அது என்னிடமே இருக்கவும் வேண்டும்.

காவா என்ற வேர்க் கஷாயம் குடிக்கும் இடத்தில் உட்கார்ந்து யோசித்தபோது வழி பிறந்தது. வெளியே பார்த்தால் வாந்தி வர வேண்டும். உள்ளே இஞ்சின் தங்கமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வண்டியை வாங்கினால், அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாள். நான் கப்பலின் இஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவன். தங்கம் எது தகரம் எது என்று எனக்குத் தெரியாதா?

என் மனைவி லுசியானேயிடமும் சொல்லவில்லை. அவள் சாது. எந்நேரமும் ஜெபம். ஆனால் அவள் ஜெபத்தில் ஒன்றைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

"என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"மீன் பிடிக்க."

"தூண்டில் இங்க இருக்கே."

"வலையில பிடிக்கலாம்னு."

"வலையும் இங்க இருக்கே. கையில என்ன?"

"காந்தம்."

அக்கா ஃபிரிட்ஜை எடுத்துப் போனபோது, கதவில் ஒட்டியிருந்த அந்தக் காந்தத்தை மட்டும் லுசியானே காப்பாற்றி வைத்திருந்தாள்.

"மீன் பிடிக்கக் காந்தமா?"

"மீன்ல இரும்புச் சத்து இருக்காம். டாக்டர் சொன்னார்."

"கர்த்தர் கூட இருப்பார், போயிட்டு வாங்க" என்றாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

வளைகுடா ஓரம், தென்னந்தோப்புக்குப் பின்னால், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டிகளை யாரோ இரகசியமாக விற்பதாகப் பேச்சு. போனேன். மூன்று வண்டிகள் தார்ப்பாய்க்குள் பதுங்கி நின்றன. நான் இருமினேன். தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. என் மனைவியின் தம்பி கலாஃபி!

"ஐயையோ, அத்தான்! எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

"மச்சான், எங்க அக்காகிட்ட நீ சொல்லிடாதே!"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டோம். ஒரே நோய் வந்த இருவர் ஆஸ்பத்திரியில் சந்தித்தது போல் இருந்தது.

"உங்க அக்காவுக்கு ஏன்டா பயப்படுறே? லுசியானே வாயில்லாப் பூச்சி."

"பூச்சியா? என் தையல் மிஷின் எங்க போச்சு? வந்துச்சு. பார்த்துச்சு. ஒரு பெருமூச்சு விட்டுச்சு. நானே தூக்கிட்டு வந்து உங்க வீட்டுல வைக்கலையா?"

"அது நீ ஆசையா கொடுத்ததுன்னு சொன்னாளே!"

"ஆசை அக்காவுக்குத்தான் அத்தான். எனக்கு இல்ல."

பிறகு வேலையில் இறங்கினோம். முதலாவது வெள்ளை வண்டி. மணப்பெண் மாதிரி மின்னியது. காந்தத்தைக் கதவில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. மட்கார்டில் வைத்தேன். அங்கும் விழுந்தது.

"மச்சான், இது வண்டி இல்ல. இரும்பு உளுத்த இடமெல்லாம் பட்டி. பட்டி மேல பெயிண்ட். பெயிண்ட் மேல பாலிஷ்."

"கண்ணுக்கு நல்லா இருக்கே அத்தான்."

"அதுதான் பெரிய குறை."

அடியில் படுத்துப் பார்த்தேன். கறுப்பு பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஸ்குரூடிரைவரால் அடிச்சட்டமான சேஸியைக் குத்தினேன். தேநீரில் நனைத்த பிஸ்கோத்து போல உள்ளே போனது.

இரண்டாவது வெள்ளி நிறம். பானட்டில் கை வைத்தேன். சுட்டது.

"யாரோ வரப் போறாங்கன்னு தெரிஞ்சு காலையிலயே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கே. குளிர்ந்த இஞ்சின் எப்படிக் கிளம்புதுன்னு பார்க்கத்தானேடா வந்தேன்?"

"காலையில குளிரா இருந்துச்சு அத்தான். பாவமேன்னு..."

ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் அடியில் தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஆயிலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதை வாங்கினால் வாரம் ஒரு நாள் ஓட்டலாம். மிச்ச நாள் தள்ளலாம்.

மூன்றாவதைப் பார்த்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது. அப்படி ஒரு அசிங்கத்தை நான் பார்த்ததில்லை. வெயிலில் வெளுத்த நீலம். ஒரு கதவு மட்டும் மஞ்சள். முன்பக்கம் யாரோ முகத்தில் குத்தியது போல் ஒடுங்கியிருந்தது. சீட்டில் ஜப்பான் நாய் ஒன்று பல காலம் குடியிருந்த வாசனை.

"இதை நான் காட்டுறதாவே இல்ல அத்தான்" என்று கலாஃபி வெட்கப்பட்டான்.

பானட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. லேசாகப் புகை விட்டது. உடனே தெளிந்தது. இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தேன். உள்ளிருந்து ஊதவில்லை. ரேடியேட்டரில் ஒரு குமிழி இல்லை. சேஸியில் மேலாகத்தான் துரு. தட்டினால் கோயில் மணி. நாலு சக்கரத்துக்கும் மாற்றி, தோப்புக்குப் பின்னால் இருந்த சேற்று மேட்டில் ஏற்றினேன். ஏதோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவது போல் அமைதியாக ஏறியது.

நடுவில் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான் பெண் குரல் ஏதோ சொன்னது. என்ன சொன்னாளோ தெரியாது. ஆனால் மரியாதையாகச் சொன்னாள். என்னிடம் அப்படி யாரும் பேசிப் பழக்கமில்லாததால், சாவியை எடுத்து மறுபடி போட்டுக் கேட்டேன்.

"மச்சான், இதுதான். திங்கட்கிழமை பணத்தோட வரேன். அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் அசிங்கமாக்க முடியுமா?"

"கோழிங்களை ராத்திரி இது மேலயே அடைய விடறேன் அத்தான்."

நல்ல மனசு அவனுக்கு.

சாயங்காலம் வீட்டில் ஜெபம். லுசியானே கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன்.

"கர்த்தாவே, மீன் இல்லாமல் திரும்பி வந்த என் கணவரைப் பத்திரமாகக் காத்தீரே, ஸ்தோத்திரம். கடலுக்குப் போனவர் காலில் உப்பு இல்லாமல், முதுகில் செம்மண்ணும் கையில் டீசலும் இருக்கச் செய்தீரே, உம்முடைய அதிசயத்துக்கு ஸ்தோத்திரம். அவர் மனசில் ஏதோ பாரம் இருக்கிறது சாமி. அதை அவர் வாயாலேயே இறக்கி வைக்கும்வரை நான் இந்த ஜெபத்தை முடிப்பதாக இல்லை."

எனக்கு முழங்கால் வலி. அடுப்பிலோ சேப்பங்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவள் எங்கள் பிள்ளைகளின் பெயரை மூத்தவனிலிருந்து ஆரம்பித்து, அவன் பிறந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

"வண்டி பார்க்கப் போனேன்!" என்றேன்.

"ஆமென்" என்றாள்.

விற்பவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. வாக்கு வாக்குதான். மற்றதெல்லாம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பேசியதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வெள்ளையில என்னங்க கோளாறு?"

"அடியில பெயிண்ட் ஈரம். உள்ளே உளுத்துப் போச்சு."

"வெள்ளியில?"

"ஆயில் மூடியைத் திறந்து பார்த்தா குட்டு வெளிப்படும்."

"அப்ப அந்த நீலந்தான் நல்லதுன்னு உறுதியா?"

"பத்து வருஷம் கவலையே இல்ல. என் அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா."

"உங்க அறிவு யாருக்குங்க வரும்" என்றாள். அன்றைக்கு எனக்கு இரண்டு துண்டு மாட்டிறைச்சி கூடுதலாக வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து, மண்ணில் குழி வெட்டி வேகவைத்த சாப்பாடும் முடிந்து, ஊரில் எல்லா ஆண்களும் செய்வதை நானும் செய்தேன். தூங்கினேன். லுசியானே வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

"கஷ்டத்துல இருக்கிற ஒருத்தரைப் பார்த்துட்டு வரேங்க."

அவள் போய்ச் சேரும்வரை அந்த ஒருத்தருக்குக் கஷ்டம் எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை பாங்கில் வனிலாப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தோப்புக்குப் போனேன். வெள்ளை நின்றது. வெள்ளி நின்றது. நீலம் நின்ற இடத்தில் கலாஃபி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வீடிழந்த கோழிகள் அவனைச் சுற்றி நின்றன.

"அக்கா வந்துச்சு அத்தான்."

"எந்த அக்கா?"

"என் அக்கா! உங்க சம்சாரம்! வெள்ளையை நானே எடுத்துக்கோன்னு கும்பிட்டுக் கொடுத்தேன். 'அடியில பெயிண்ட் ஈரமா இருக்கேடா தம்பி'ன்னுச்சு. குனியவே இல்ல அத்தான், நின்ன இடத்துல இருந்தே சொல்லிச்சு! வெள்ளியைக் காட்டினேன். 'மூடியைத் திற, பார்ப்போம்'னுச்சு. அப்புறம் நீலத்துக்கிட்டப் போய், 'நல்லா இருக்கே'ன்னுச்சு."

"ஞாயித்துக்கிழமை வியாபாரம் கூடாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! 'விக்கத்தானேடா கூடாது, கொடுக்கலாமே'ன்னுச்சு. காலையில நீங்க பாங்குக்குப் போன நேரம் நானே கொண்டு போய் விட்டுட்டு வந்தேன். கழுவித் துடைச்சு வேற." அவன் என்னை உற்றுப் பார்த்தான். "அது சரி அத்தான், அக்கா இஞ்சின் வேலை எப்பக் கத்துக்கிச்சு?"

நான் கோழிகளைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் பறந்தேன். வாசலில் நீல வண்டி நின்றது. லுசியானே கண்ணாடியில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"லுசியானே! என்ன இது?"

"தம்பி கொடுத்தான்ங்க. அவன் மூணு வண்டி இறக்கினது எனக்குக் கப்பல் வந்த அன்னிக்கே தெரியும். எது நல்லதுன்னுதான் தெரியல. யாராவது விஷயம் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லட்டும்னு காத்துட்டு இருந்தேன்."

"சொந்தத் தம்பிகிட்ட இப்படிச் சும்மா வாங்கலாமா? பாவம்டி."

"அதையேதான் நானும் நினைச்சேன். அடுத்த மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம். அத்தை நான் வெறுங்கையோட போய் நிக்க முடியுமா? முறை செய்யணுமில்ல? பாங்குல இருந்து எடுத்துட்டு வந்தீங்களே, அதைக் கொடுங்க."

கொடுத்தேன். வண்டியின் விலை முழுசாகக் கலாஃபிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வண்டி அவளுக்கு. எனக்கு என்ன என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"இது யாருது?"

ஃபேகிதா அக்கா! கழுவிய நீலத்தைச் சுற்றி வந்தாள். மஞ்சள் கதவைத் தடவினாள். "ரெண்டு கலர்ல எவ்வளவு நல்லா இருக்கு!" என்றாள். என் கை தானாகக் கும்பிட எழுந்தது.

லுசியானே தலையைத் தாழ்த்தி, புருஷனின் அக்காவுக்குக் காட்ட வேண்டிய மரியாதை அத்தனையும் காட்டி, மெல்லச் சொன்னாள்:

"ஆமா அண்ணி. எங்க தம்பி எனக்குக் கொடுத்தது."

"உனக்கா? இவனுது இல்லையா?"

"இவருக்கு ஏது அண்ணி வண்டி?"

அக்காவின் கை கதவிலிருந்து விலகியது. தம்பியின் பொருள்தான் அவளுக்கு உரிமை. தம்பி பெண்டாட்டியின் பொருளைத் தொட எந்த முறையிலும் இடமில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக அக்கா என் வாசலில் வெறுங்கையோடு நின்றாள். லுசியானே அன்று என் கண்ணுக்குத் தேவதை. இனிமேல் வனிலா மூட்டை வண்டியில்தான் இறங்கும்! விசிலடித்துக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினேன்.

அக்கா என் கையைப் பார்த்தாள். பிறகு லுசியானேயைப் பார்த்தாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"எனக்கும் தெரியாது. வண்டி உன்னுது, நான் ஒண்ணும் சொல்லல. டிரைவர் என் தம்பி. டிரைவர் என்னுது."

லுசியானே பூமாலையின் கடைசி முடிச்சைப் போட்டாள். "ரொம்ப நியாயம் அண்ணி" என்றாள். "எனக்கு தினமும் பாட்டுக் குழுவுக்குப் போகணும். உங்களுக்கு?"

"எனக்குச் சந்தை. அப்புறம் நெய்யாஃபுல என் மக வீடு."

"ஒரே பாதைதான் அண்ணி. ஏறுங்க."

இருவரும் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா இருக்கும் வண்டியில் தம்பி வாய் திறப்பது எங்கள் வழக்கமில்லை, விசிலும் கூடாது. வலது தோளில் மூட்டையின் தழும்பைத் தடவிக்கொண்டே, ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"மெதுவா ஓட்டச் சொல்லு லுசியானே," என்றாள் அக்கா, "என் டிரைவருக்குத் தோள் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு."