மதிப்பீட்டாளரும் என் செங்கல் சுவரும்

எனக்கு உற்சாகம் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு முழுக்க இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்ததில் நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். (எனக்கென்றே செய்த வேலை என்பாள் அம்மா.) நைனா இன்னொரு கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பேட்டையில் ஒரு ஷெட் காலியானது. அதன் சொந்தக்காரர் ஒரு மாதம்தான் பொறுப்பேன் என்றார். வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டோம். வீட்டை மதிப்பிட ஆள் அனுப்புகிறோம், திங்கட்கிழமை காலை பத்து மணி என்றது பேங்க்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடப் பழசு. சிவப்பு ஆக்சைடு தரை, வெளிர்பச்சைச் சுவர், பாத்ரூமில் ரோஸ் கலர் டைல்ஸ், 'டொக்' என்று ஊருக்கே கேட்கும் கறுப்பு சுவிட்சுகள். மெஷின்களுக்குச் செய்த பராமரிப்பையே நைனா வீட்டுக்கும் செய்வார். ஞாயிறுதோறும் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவார், குழாய் சொட்டினால் அன்றைக்கே வாஷர் மாற்றுவார். அம்மா துடைத்த தரையில் குனிந்தால் முகம் தெரியும். எனக்கோ அந்த வீட்டைப் பார்த்தாலே வெட்கம். போனில் பார்த்த வீடுகள் எல்லாம் பளபளவென்று இருக்க, இந்த ரோஸ் கலர் டைல்ஸைப் பார்த்து எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

சனிக்கிழமை நைனாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்காகத் திருவாலங்காடு கிளம்பினார்கள். திங்கள் காலைதான் திரும்புவார்கள். ஆஹா! இரண்டு முழு நாள்! ஆன்லைனில் நான் ரகசியமாக வாங்கி ஒளித்து வைத்திருந்த பெட்டிகளைப் பிரித்தேன். அசல் செங்கல் சுவர் மாதிரியே தெரியும் நுரை ஷீட்டுகள். பின்னால் உள்ள பேப்பரை உரித்து ஒட்டினால் போதும். தரைக்கு மார்பிள் ஸ்டிக்கர். சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டவும் என்று பெட்டியில் போட்டிருந்தது. என் உற்சாகம் காயும்வரை காத்திருக்குமா? ஈரத்தோடு ஒட்டினேன். ஸ்ட்ராங்காக இருக்கட்டும் என்று ஒட்டுவதற்கு முன்பே எல்லா ஷீட்டுகளையும் பின்பக்கம் டேப் போட்டு ஒன்றோடொன்று இணைத்திருந்தேன். கடைசியில் என் வேலையை நானே சோதித்து, நானே பாஸ் போட்டேன்.

திங்கள் காலை நைனா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். அப்படியே வெளியே போய்க் கதவு நம்பரைப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இது? நம்ம ஊடுதானா?"

"சூப்பரா இல்ல நைனா?"

அவர் பதில் சொல்வதற்குள் மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். திருவள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கையில் டார்ச், அளவெடுக்கும் கருவி, கிளிப் போட்ட ஃபாரம். நேராக என் செங்கல் சுவரின் முன்னால் போய் நின்றார். எனக்குப் புல்லரித்தது.

"இது எப்போ போட்டீங்க?"

"நேத்துதான் சார்! எல்லாமே லேட்டஸ்ட்!"

"பின்னாடி இன்னா இருக்கு?"

"சுவருதான் சார்."

"அது தெரியுது. சுவர்ல இன்னா இருக்கு?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. அவர் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ஹால் சுவர் மூடப்பட்டுள்ளது. விரிசல், ஓதம் இருக்கக்கூடும்.' அதற்குக் கீழே, 'தரை: மூடப்பட்டுள்ளது.' நைனாவின் பட்டறை என் கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ஒண்ணுமே இல்ல சார்! நல்லா தட்டிப் பாருங்க!"

அவர் தட்டினார்.

முதலில் மேல் மூலையில் 'பர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு ஷீட் கழன்றது. அது பக்கத்து ஷீட்டை இழுத்தது, அது அதற்கடுத்ததை. (டேப் ரொம்ப ஸ்ட்ராங்.) பத்தடிச் செங்கல் சுவர் ஒட்டுமொத்தமாக அவர் தலையில் இறங்கியது. தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆளையே காணோம்.

அந்த நேரம் பார்த்து அம்மா டீயோடு வந்தாள். தட்டைக் கீழே போட்டாள்.

"ஐயயோ! சார் மேல செவுரு உழுந்துடுச்சே!"

பக்கத்து வீட்டு மேரி அக்கா இதைக் கேட்டுத் தெருவுக்கே சொன்னார். ஒரு நிமிடத்தில் நாலு பேர் கடப்பாரையோடு ஹாலுக்குள் இருந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது செங்கற்களுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒண்ணும் ஆவல. வெயிட்டே இல்ல."

நைனா ஒற்றைக் கையால் சுவரைத் தூக்கினார். கடப்பாரைக்காரர்களின் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை என்னால் மறக்க முடியாது. மதிப்பீட்டாளர் எழுந்து முடியில் ஒட்டிய கோந்தைத் துடைத்துக்கொண்டே, வெளியே வந்த வெளிர்பச்சைச் சுவரைப் பார்த்தார். டார்ச் அடித்தார். கைவிரலை மடக்கித் தட்டினார். கணீரென்றது.

"இப்பதாம்மா ஊட்டையே காட்டினே," என்றார்.

நைனா மண்டியிட்டு மார்பிளை உரிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கதவாகச் சாத்தித் திறந்தார், ஒன்றுகூட முனகவில்லை. ரோஸ் கலர் டைல்ஸின் இடுக்குகளை விரலால் தடவினார். சுவிட்ச் போர்டில் கருகல் இருக்கிறதா, கூரை மூலையில் ஓதம் இருக்கிறதா என்று தேடினார். எதுவும் கிடைக்கவில்லை.

"பழசு வேற, பாழாப் போனது வேறம்மா," என்றார். "எங்க ஃபாரம்ல ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் இருக்கு. ரோஸ் டைல்ஸ பாத்து நான் பயப்பட மாட்டேன். நேத்து ஒட்டினத பாத்தாதான் பயம். எதை மறைக்கிறாங்கன்னு தோணும்." பிறகு நைனாவிடம் திரும்பினார். "யாருங்க இத பாத்துக்கறது?"

"நாந்தாங்க. லீவு நாள்ல சும்மா..." என்றார் நைனா. அவர் அப்படிக் கூச்சப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் இந்த மதிப்பீட்டாளர்தான். வீட்டிலேயே இருந்த நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு உறைத்தது அதுதான், செங்கல் இல்லை.

கடன் கிடைத்தது. அறிக்கையின் நகல் ஒன்றும் வந்தது. நைனா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். 'உட்புறம் பழைய பாணி. பராமரிப்பு மிக நன்று. சேதம்: அண்மையில் செய்த வேலைகள் மட்டும்.'

அந்தத் தாளைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறார். ஷெட் திறந்த அன்று வந்த மேரி அக்கா, வாசல் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நெஜம்தான்," என்று சொல்லித்தான் உள்ளே வந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். இன்றைக்கும் உறவுக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் அதைத் தட்டுகிறார்கள். தட்டித் தட்டி அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பெயின்ட் அடிப்பது என் வேலை. நன்றாகக் காய்கிறதா என்று நைனா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறார்.