சேற்றில் இறங்க ஒரு பெர்மிட்

சேற்றில் வழுக்கி விழுந்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். மூன்று பிரதி அனுமதிச் சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கிய ஒரே மனிதரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், நாங்கள் இரும்புக் கம்பி தயாரித்த கம்பெனியில், காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பெர்மிட்.

அவர்தான் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. ஆலைகளில் ஆபத்தான வேலை எதுவானாலும் முதலில் பெர்மிட் எழுத வேண்டும். என்ன வேலை, என்ன ஆபத்து, உள்ளே இறங்குபவர் யார், வெளியே நின்று கவனித்துக்கொள்ளும் ஸ்டாண்ட்பை ஆள் யார் என்று எல்லா விவரமும் அதில் இருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு காகிதம். இவருக்கு வேதம். ஒரு ஆயுத பூஜையன்று கற்பூரம் ஏற்றப் போன முதலாளியின் கையைப் பிடித்து, "சார், இது ஹாட் வொர்க்கு. பெர்மிட் இல்லாம நெருப்பு பத்த வெக்கக் கூடாது" என்று நிறுத்திவிட்டார். ஐயர் மணியை ஆட்டியபடி கால் மணி நேரம் காத்திருந்தார். தீயணைப்பு சிலிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சாமிக்குப் பக்கத்தில் நிறுத்திய பிறகுதான் தீபாராதனை நடந்தது.

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலைகளில் மட்டும் முகம் ஒரு மாதிரி தெளிவாக இருக்கும். நக இடுக்கில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். தோட்ட வேலை செய்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் ஸ்டோர்ஸில் கையுறையும் நட்டு போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற ஆள். மீஞ்சூரில் தனி அறை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூக்கம். அந்தத் தூக்கத்துக்குத்தான் ஒரு சனிக்கிழமை வேட்டு வைத்தார்.

"ஸ்டோரு, நாளைக்கு சும்மாத்தான கீற?"

"ஆமா சார்."

"ஸ்டாண்ட்பை ஆளு ஒண்ணு வோணும். நாஷ்டா என் செலவு."

ஆரம்பாக்கத்தில் இட்லி வாங்கிக் கொடுத்து, வயல்களைத் தாண்டி ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். பைக்கில் ஒரு மூங்கில் கழி, ஒரு பலகை, ஒரு வடக்கயிறு, இரண்டு கேன் தண்ணீர். மீன் பிடிக்கப் போகிறோம் என்று மகிழ்ந்துவிட்டேன். அவர் பேன்ட்டை அவிழ்த்துப் பழைய அரைக்கால் சட்டைக்கு மாறினார். கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். இழுத்து, முனையில் ஒட்டிய சேற்றை முகர்ந்தார்.

"கம்பெனித் தண்ணி கலந்த சேறுன்னா மூக்கு சொல்லிடும். அந்தப் பக்கமே தலை வெச்சிப் படுக்கக் கூடாது. பழவேற்காடு சேறு சோக்காத்தான் இருக்கும். ஆனா கால் மாட்டிக்கினு இருக்கசொல்ல கடல் தண்ணி ஏறிச்சின்னா கதை கந்தல்."

"சார், சேத்துல இன்னா தேடுறீங்க?"

"எடம். எரும படுக்கிற எடம் நமக்கு ஆழம் பத்தாது. எரும போகாத எடம் நமக்கும் வேணாம். போகலாமா வேணாமான்னு எரும நின்னு யோசிக்குது பாரு, அதான் எடம்."

கரையில் மேய்த்துக்கொண்டிருந்த எருமைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அதுவரை அவர்தான் ஸ்டாண்ட்பையாம்; எருமை நகர்ந்தால் அவரும் பின்னாலேயே நகர்ந்துவிடுவாராம்.

பிறகு பெர்மிட் புத்தகத்தை எடுத்தார். ஆழம் இடுப்புவரை, நேரம் அரை மணி, இறங்குபவர் இவர், ஸ்டாண்ட்பை நான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கேட்டுக்கோ. நீ கரைய வுட்டு ஒரு அடி எறங்கக் கூடாது. நானே கூப்ட்டாலும் எறங்காத. கயிறு போடு, கத்து, ஆளக் கூப்புடு. காப்பாத்துறேன்னு நீயும் வந்தா ரெண்டு பொணம்" என்றார். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவர் இறங்கினார். கணுக்கால், முழங்கால், தொடை. ஒவ்வொரு அங்குலமும் மெதுவாக, அவசரமே இல்லாமல். இடுப்பு வந்ததும் நின்றார். கண்ணை மூடினார். ஆயுத பூஜையை நிறுத்திய அந்த மனிதர் ஏதோ ஒரு பழைய மெட்டை முனகினார்.

"எப்டி இருக்கு சார்?"

"ஆறு நாளா எறநூறு பேரு கையி காலு என் தலை மேல. எவன் ஹெல்மெட் போடல, எவன் பெல்ட்டு மாட்டல, இதே பேஜாரு. இங்க என்னை சேறு புடிச்சிக்கினு கீது, ஸ்டோரு. நான் யாரையும் புடிக்க வோணாம்."

அரை மணி முடிந்ததும் பின்னால் சாய்ந்து, பாதத்தை லேசாக ஆட்டி, இடுக்கில் தண்ணீர் இறங்கவிட்டு, காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிட்டார். அவசரப்பட்டு மேலே இழுத்தால்தான் சேறு இறுக்குமாம்.

இப்படி ஞாயிறுதோறும் காலையில் போய், மத்தியானம் தலை குளித்துத் திரும்புகிற புருஷனை எந்த மனைவி நம்புவார்? ஒருநாள் அந்த அக்கா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்துவிட்டார். "எவ அவ? வெளிய வரச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே கரையேறியவர், ஏரி நடுவே நாலு கொக்குகளோடு ஐந்தாவதாக நிற்கும் கணவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

சேற்றுக்குள்ளிருந்து வந்த முதல் கேள்வி: "ஹெல்மெட் எங்க?"

"இன்னாய்யா இது?"

"சேறு."

"இத்த ஊட்ல சொல்லியிருக்கக் கூடாதா? நான் ரெண்டு மாசமா தூங்கலய்யா!"

"சொன்னா வுடுவியா?"

"வுட மாட்டேன்."

"அதான்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். நடுவில் கொஞ்சம் அழுதார் என்றும் நினைக்கிறேன்.

இனி என் புத்தி கெட்ட கதை. மூன்று மாதம் கரையில் உட்கார்ந்து அவர் முகத்தில் அந்தச் சுகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அவர் பெர்மிட் எழுதிக்கொண்டிருக்கும்போதே, நைசாக நாலடி தள்ளிப் போய் இறங்கினேன். கணுக்காலில் குளிர்ச்சி. முழங்காலில், அடடா! அடுத்த அடியில் தரையே இல்லை. கோடையில் லாரி வைத்துச் சவுடு மண் அள்ளிய பள்ளம் அது. மழையில் சேறு நிரம்பி, மேலே சமதளமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. கத்துவதற்குள் மார்வரை போய்விட்டேன்.

அவர் திரும்பினார்.

"அசையாத." குரல் ஆலை ஒலிபெருக்கி மாதிரி நிதானமாக இருந்தது. பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். ஸ்டாண்ட்பை என்ற இடத்தில் என் பெயர். "இப்போ ஸ்டாண்ட்பைக்கு யாருய்யா ஸ்டாண்ட்பை?" என்றார். புத்தகத்தை வீசி எறிந்தார். அவர் பெர்மிட் புத்தகத்தைக் கீழே போட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

எருமைக்காரரைக் கூப்பிட்டு, கயிற்றின் ஒரு முனையைக் கருவேல மரத்தில் கட்டி, நடுக்கயிற்றை அந்த எருமைக்காரர் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டினார். சேற்றின் மேல் பலகையைப் போட்டு, அதில் குப்புறப் படுத்தபடி என்னிடம் ஊர்ந்து வந்தார்.

"பின்னால சாயி. கட்டில்ல சாயற மாதிரி."

"சாஞ்சா முழுகிடுவேன் சார்!"

"முழுக மாட்ட. சேறு உன்ன வுட கனம், அது உன்னத் தூக்கும். சாயி, நைனா."

சாய்ந்தேன். தூக்கியது. ஒரு காலை விடுவிக்கக் கால் மணி, மறு காலுக்குக் கால் மணி. குரல் ஒருமுறைகூடப் பிசகவில்லை. கரையேற்றியதும் என் கைவிரல், கால்விரல் இருபதையும் எண்ணிச் சரிபார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் வாந்தியெடுத்தார்.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸுக்கு வந்து ஓர் அறிக்கையை நீட்டினார். நூலிழையில் தப்பிய விபத்துக்கு எங்கள் ஆலையில் எழுதுகிற படிவம். 'தவறு யாருடையது' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தார்.

"தப்பு என்னுது சார்."

"ஸ்டாண்ட்பை ஆளுக்கும் ஆச வரும்னு நான் யோசிச்சிருக்கணும். இனிமே சேறு கெடையாது, ஸ்டோரு."

அன்று முதல் ஆலை நரகமானது. டீ மெஷினுக்குப் பெர்மிட். ஏணியில் முதல் படி ஏறப் பெர்மிட். திங்கட்கிழமை முகமும் சனிக்கிழமை முகம் மாதிரியே இருந்தது. ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "ஏம்பா, இட்லி குண்டான் மூடியத் தெறக்க இவரு கையுறை போடச் சொல்றாருப்பா. தயவுசெஞ்சி அந்த மனுசன சேத்துக்கு இட்டுக்கினு போ!"

எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை என் அவசரத்தால் கெடுத்துவிட்டேன். இரண்டு நாள் சாயங்காலம் எருமைக்காரரோடு ஏரியில் கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்து, இடுப்பளவில் கெட்டித் தரை உள்ள இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெர்மிட்டை நானே எழுதினேன். இறங்குபவர்கள் இருவர். ஸ்டாண்ட்பை அக்கா. அவருக்குத் துணை எருமைக்காரர். வேலையின் விவரம்: சேற்றில் இறங்குதல்.

அவர் அதை இரண்டுமுறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"கயிறு எத்தினி அடின்னு எழுதல. ஏறுற நேரம் போடல. இன்னாத்த ஸ்டோர்ஸ்ல குப்ப கொட்ற?" திருத்தினார், கிறுக்கினார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் பிரதியை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த ஞாயிறு, இடுப்பில் கயிற்றோடு அவர் பக்கத்தில் இறங்கினேன். மார்வரை பயமாகவும் இடுப்புவரை சுகமாகவும் இருந்தது. கரையில் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, "இன்னும் அஞ்சு நிமிசம்தான், சொல்லிட்டேன்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். பெர்மிட் கண்ணை மூடி, அதே பழைய மெட்டை முனகினார்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்த மஞ்சள் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். வேலையின் விவரத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டு, சிவப்பில் தெளிவாக எழுதியிருந்தார்: 'தம்பியோடு நிற்றல்.' அவர் வாயால் என்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. மறுநாள் காலையும், "இன்னா ஸ்டோரு, ஹெல்மெட் எங்க?" என்றுதான் கேட்டார்.