ஜீவராஜ் மாமா சொல்லி வைத்த வேலை

அடுக்களையில் டப்பாக்களைத் துடைத்து அடுக்குகிறவள் அனந்தமதி. பார்மசி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அந்த உற்சாகத்தில் வீட்டுச் சாமான்களையெல்லாம் மருந்துக்கடை மாதிரி ஆங்கில எழுத்து வரிசையில் வைத்துவிட்டாள். அவள் அம்மா ரத்னம், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, தேடுகிறாள்.

"சீரகம் எங்கடி?"

"சி-யில இருக்குதும்மா. க்யூமின்."

நாம் பார்க்க வந்த பிராணி இவளல்ல. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, ரத்னத்தின் அண்ணன் ஜீவராஜ், அவர்தான். 'சொல்லி வைக்கிறவர்' என்பது இந்த இனத்தின் பெயர். செஞ்சியில் தெருவுக்கு ஒருவர் தேறுவார், வல்லத்திலும் உண்டு.

அடையாளம் எப்படி? வேலையோ, ரேஷன் கார்டோ, சிமெண்டு மூட்டையோ, எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் கண்ணை மூடுவார், பிறகு வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், "அவனா? நம்ம ஆளாச்சே" என்பார், அந்த ஆளுக்கு எந்தக் காலத்திலோ தாம் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்த கதையைக் காபி ஆறும்வரை விரிப்பார், கடைசியில் "ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்று எழுந்துபோய் மொபெட்டை மிதிப்பார். மொபெட் கிளம்பாது. காரியமும்தான்.

அனந்தமதி கேட்டது மலையையா? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரியான அவள் நைனா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நாலு கொட்டையைக் கடிச்சுப் பாத்துட்டுதான் நான் மூட்டையே எடுக்கறேன். காலேஜ் தொறக்கறதுக்குள்ள நீயும் ஒரு மருந்துக்கடையில நின்னு பாரு. ஒத்துவந்தா சேத்துவிடறேன். இல்லன்னா வேணாம்."

கடைத்தெருவில் ஜகபர் அலி பாயின் மருந்துக்கடைக்கு ஆள் வேண்டும். நேரே போய்க் கேட்டால் முடிந்தது. கேட்க விட்டால்தானே!

"நீயா போயி நின்னா நம்ம கௌரவம் இன்னா ஆவறது பாப்பா? நான் சொல்லிட்டேன். பாய் யோசிக்கறேன்னுட்டான்."

வாரங்கள் போயின. பாய் யோசித்துக்கொண்டே இருந்தார். அப்படி யோசிக்க அவர் என்ன கோட்டையையா விலை பேசுகிறார்? கல்லூரி திறக்கும் நாள் நெருங்க நெருங்க, அனந்தமதி துடைத்த டப்பாவையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மாமா ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போன அன்று, துணியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"ஜீவராஜ் சார் தங்கச்சி பொண்ணா?" பாய் பதறிப்போனார். "தூசி தொட வுடக்கூடாது, ஏணி ஏறச் சொல்லக்கூடாது, உக்கார சேர் போடணும், பொழுது சாயறதுக்குள்ள சாப்புட அனுப்பணும்னாரே. எனக்கே இங்க சேர் கெடையாதும்மா. அதான் யோசிக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"சாப்பாடு மட்டும் நெசம் பாய். நாங்க ஜைனருங்க, இருட்டுனா எங்க வூட்ல வாயில எதுவும் வைக்க மாட்டோம். மத்தது எதுவும் நான் கேக்கல. நல்லாத் துடைப்பேன்."

பாய் காலண்டரைப் பார்த்தார். "அடுத்த வாரம் நோன்பு. பொழுது சாஞ்சதும் நான் பள்ளிவாசலுக்குப் போவணும், கடையில ஆள் இருக்காது. நீ அதுக்குள்ள சாப்ட்டு வந்துடுவியா? மருந்து எடுத்துக் குடுக்க வேணாம். நான் திரும்பற வரைக்கும் வர்றவங்கள நிக்க வெச்சா போதும்."

"வந்துடறேன் பாய். ராத்திரி நைனா வந்து கூட்டிக்கினு போவாரு."

"அப்ப ஏணியில ஏறு."

திண்டிவனத்திலிருந்து திரும்பிய மாமா சேதி கேட்டார். முகம் வாடியது என்றா நினைக்கிறீர்கள்? "பாத்தியா ரத்னம்! ஒரே வார்த்தைதான் சொல்லி வெச்சேன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பிள்ளை சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அவனிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? கண்ணை மூடாமல் சொல்லுங்கள். கண்ணாடி அழுக்காக இல்லை, அதை விடுங்கள்.

யோசித்து வையுங்கள். இங்கே கூடத்தில் மாமா காபியை இன்னும் முடிக்கவில்லை. வெயில் சாய்கிறது. அனந்தமதி அவசர அவசரமாகச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறாள்.

"பாப்பா, அந்தக் காலேஜ் பிரின்சிபாலு நம்ம ஆளுதான். அங்கயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

அவள் ஈரக்கையைத் தாவணியில் துடைத்தாள், செருப்பை மாட்டினாள், படி இறங்கிப் போய்விட்டாள்.